சேதுவின் முளைப்பாரி

எங்கள் மூன்று பேருக்கும் சேர்த்துப் பார்த்தாலும் ஒழுங்கான கை ஒன்று தேறாது. அதை வைத்துக்கொண்டு முளைப்பாரி எடுக்கப் போன கூத்து இது.

நான் காலிதா, பெரியபட்டினம். நாகஜோதி வாலிநோக்கத்து உப்பளத்துக்காரி. சேதுலட்சுமிக்குப் பரமக்குடிப் பக்கம் ஒரு கிராமம். ஆஸ்பத்திரியில் மூட்டுவாத வரிசையில் ஒரு தண்ணீர் பாட்டிலின் மூடியை மாறி மாறித் திருகித் தோற்று, சிரித்தே சிநேகிதமானவர்கள் நாங்கள். உடம்பைக் காக்க வேண்டிய சக்தியே உடம்பைத் தாக்குகிறது என்று டாக்டர் விளக்கினார். நாகஜோதி சுருக்கமாக முடித்தாள்: "வீட்டு நாயி வீட்டுக்காரவுகளையே கடிக்குது. அம்புட்டுத்தான்க்கா." அன்றிலிருந்து காலையில் போன் எடுத்தால் எங்கள் முதல் கேள்வி, "இன்னிக்கி நாயி எப்படி இருக்கு?" என்பதுதான்.

போன வருடம் சேது பாடுபட்டு வளர்த்த பாரியை அவள் ஓரகத்தி ஜெயப்பிரியா சுமந்து போனாள். ஊரே கும்மியடித்துக்கொண்டு போக, இவள் பூட்டிய வீட்டுக்குள் உட்கார்ந்து அழுதாளாம். "இந்த வருசம் நாந்தான் எடுப்பேன். நீங்க ரெண்டு பேரும் வாங்க" என்றாள். போனோம்.

அவள் மாமனார் மூக்கையாதான் கோயில் பெரியதனம். எங்களைப் பார்த்ததும் மனிதருக்கு முகம் கறுத்தது.

"ஏத்தா, தலையில ஏறுன பாரி ஊருணியிலதான் எறங்கணும். நடுவுல இன்னொருத்தி கை படக்கூடாது. தவறி விழுந்துச்சுன்னா ஊருக்கே ஆகாது. பேசாம ஜெயப்பிரியாகிட்ட குடு."

"நான் வளத்தது மாமா" என்றாள் சேது.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "பாரியிலதான கை படக்கூடாது? முழங்கையில படலாம்ல?" என்று கேட்டுவிட்டேன். மூக்கையா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நகர்ந்தார். முழங்கையைப் பற்றி முன்னோர் எதுவும் சொல்லி வைக்கவில்லை போலிருக்கிறது.

மாலையில் பூசாரி பாரியைத் தூக்கிச் சேதுவின் தலையில் வைத்தார். மாஷா அல்லாஹ், அத்தனை பாரிகளிலும் அவளுடையதுதான் உயரம். வெளிறிய பச்சையில் பயிர்கள் அசைய, மேளம் முழங்க, நடக்கத் தொடங்கினோம். பாதித் தெருவைத் தாண்டுவதற்குள் அவள் கைகள் கீழே இறங்கின. நான் வலது முழங்கையைத் தாங்கினேன், நாகஜோதி இடதைத் தாங்கினாள். பால்வாடியைக் கடப்பதற்குள் என் தோள் பிடித்துக்கொண்டது.

"சேது, என் நாயி கொலைக்குது!"

"விட்றாதீக காலிதா!"

பின்னால் கும்மி நின்றது. ஜெயப்பிரியா ஓடி வந்து என் முழங்கையைத் தாங்கினாள். இன்னொருத்தி நாகஜோதியின் முழங்கையைப் பிடித்தாள். அவளைப் பிடிக்க வேறொருத்தி வந்தாள். அவளுக்கு ஒரு நோவும் கிடையாது, சும்மா ஆசைக்கு வந்தவள். கொஞ்ச நேரத்தில் ஊர்ப் பெண்கள் பாதிப் பேர் ஒருத்தி முழங்கையை ஒருத்தி பிடித்தபடி வந்தார்கள். கைதட்ட வழியில்லாததால் காலைத் தட்டிப் பாடினார்கள். மேளக்காரர் சிரித்துச் சிரித்துத் தாளத்தைக் கோட்டை விட்டார்.

ஊருணிக்கு வந்து சேர்ந்த பிறகுதான் உறைத்தது. பாரியை யார் இறக்குவது? சுமந்தவளேதான் இறக்க வேண்டும். சேதுவின் கைகளோ தலைக்கு மேலே போக மறுத்தன. ஒருமுறை முயன்றாள். பாரி ஒரு பக்கம் சாய்ந்தது. கரையில் நின்ற மூக்கையா துண்டால் வாயைப் பொத்திக்கொண்டார். இவ்வளவு தூரம் வந்து கடைசிப் படியில் தோற்றுவிடுவாளோ என்று எனக்கு அழுகை முட்டியது.

சேது தண்ணீரைப் பார்த்தாள். பிறகு எங்களைப் பார்த்து, "விடுங்க" என்றாள்.

விட்டோம். படியிறங்கினாள். முழங்கால், இடுப்பு, நெஞ்சு என்று தண்ணீர் ஏறியது. புதுப் பட்டுச்சேலை குடையாக விரிந்து மிதந்தது. "ஏத்தா, ஏத்தா!" என்று மூக்கையா கத்த, அவள் கழுத்து வரை போய், மூக்கைச் சுளித்துக் கண்ணை மூடி, ஒரே முங்காக முங்கினாள்.

பாரி தலையை விட்டு நழுவியது. பச்சைப் பயிர்கள் தண்ணீரின் மேல் விரிந்தன. எந்தக் கையும் படவில்லை. எல்லாரும் போட்ட குலவை அடுத்த ஊருக்கே கேட்டிருக்கும்.

மூக்கையா வேட்டியோடு தண்ணீருக்குள் இறங்கிவிட்டிருந்தார். திட்டத்தான் போகிறார் என்று நினைத்தேன். ஆனால் அவர் மருமகளின் தோளைப் பிடித்து நிறுத்தி, நனைந்த தலையில் கையை வைத்து, "எந்தாயீ" என்றார்.

நானும் நாகஜோதியும் புர்காவும் சேலையுமாகத் தண்ணீருக்குள் பாய்ந்தோம். சேது எங்கள் கழுத்தைக் கட்டிக்கொண்டு சின்னப்பிள்ளை போலச் சிரித்தாள்.

"வலிக்குதா?" என்று கேட்டேன்.

"உசுரு போகுது காலிதா" என்று சொல்லி, இன்னும் பலமாகச் சிரித்தாள்.