விற்பனைக்கு: ஃப்ளோரா சிரித்த படம் உள்ள வீடு

1

உண்மையைச் சொல்லிவிடுகிறேன். நான் வீடு வாங்கத்தான் போனேன். கதை எடுக்கப் போகவில்லை.

ராயபுரத்தில் இரண்டாம் மாடி வீடு ஒன்று விலைக்கு வந்திருப்பதாகத் தரகர் சுடலைராஜ் சொன்னார். முப்பத்தாறு படி ஏறினேன். கதவு திறந்தது. எதிர்ச் சுவரில் ஒரு படம். சவப்பெட்டி. உள்ளே வெள்ளைச் சட்டையில் ஒரு மனிதர். பெட்டியைச் சுற்றிப் பதினான்கு பேர், நல்ல உடுப்பில், கேமராவைப் பார்த்தபடி. அடக்கத்துக்கு முன்னால் குடும்பம் மொத்தமும் நின்று எடுத்துக்கொள்வார்களே, அந்தப் படம். பதின்மூன்று முகங்கள் அழுது வீங்கியிருந்தன. தலைமாட்டில் நின்ற பெண்மணி மட்டும் சிரித்துக்கொண்டிருந்தார்.

எனக்குக் கதவைத் திறந்தவரும் அவர்தான்.

"வாங்க, உக்காருங்க" என்றார். நான் உட்காரவில்லை. சமையலறைக் குழாயைத் திறந்து பார்க்கவில்லை. தண்ணீர் எத்தனை மணிக்கு வரும் என்று கேட்கவில்லை. அவசர வேலை என்று உளறிவிட்டு இறங்கிவிட்டேன். பேருந்து திருவொற்றியூர் வந்து சேர்வதற்குள் பதினைந்து வாரத் தொடர் ஒன்று தலைக்குள் தயார். தலைப்புகூட வைத்துவிட்டேன். அதை இங்கே சொல்ல வெட்கமாக இருக்கிறது.

2

முதல் தொடக்கம்: "அவள் சிரித்தாள். பெட்டிக்குள் கிடந்தவனுக்கு மட்டும் அது கேட்டிருந்தால்—"

[அடித்துவிட்டேன். வாரப் பத்திரிகைக்கு இருபது வருடம் எழுதினால் கை தானாகவே பிணத்தில் போய் நிற்கும்.]

இரண்டாம் தொடக்கம்: "காசிமேட்டிலிருந்து வீசிய உப்புக்காற்று அந்தச் சுவரின் சுண்ணாம்பை—"

[இதையும். ராயபுரம் என்றால் உப்பு, எண்ணூர் என்றால் சாம்பல். இங்கே குடியிருப்பவர்கள் யாரும் காற்றை நக்கிப் பார்த்துக்கொண்டு நிற்பதில்லை.]

மூன்றாம் தொடக்கம்: "ஃப்ளோராவின் முழங்கால்களுக்கு முப்பத்தாறு படி என்பது—"

இது இருக்கட்டும்.

3

ஃப்ளோராவின் முழங்கால்களுக்கு முப்பத்தாறு படி என்பது இப்போது வாரத்துக்கு ஒருமுறைதான். ஞாயிற்றுக்கிழமை பூசைக்கு இறங்குவார். கைப்பிடியைப் பற்றிக்கொண்டு, பக்கவாட்டில் திரும்பி, ஒவ்வொரு படியிலும் இரண்டு காலையும் சேர்த்து வைத்து. மற்ற ஆறு நாளும் மாடியிலிருந்து கயிற்றில் கூடை இறங்கும். மீன் விற்கும் புஷ்பவல்லி அதில் நெத்திலியைக் கொட்டி, "தூக்கிக்க யக்கா" என்று குரல் கொடுப்பார்.

தெரு அவருக்கு வெறும் தலைகளாகிவிட்டது. யாருக்கு வழுக்கை விழுகிறது என்று தெரியும். யார் முகம் வாடியிருக்கிறது என்று தெரியாது.

கணவர் ஸ்டானிஸ்லாஸ் துறைமுகத்தில் கிரேன் ஓட்டியவர். போய்ச் சேர்ந்து எட்டு வருடம். மகன் பிராங்கிளின் கப்பலில். மகள் ஜானட் பெரம்பூரில். ஜானட் வீட்டுத் தெருவிலேயே தரைத்தள வீடு ஒன்று விலைக்கு வந்தது. வாசலைத் தாண்டினால் ரோடு. அந்த வீட்டுக்காரர் இந்த மாதக் கடைசிவரை பொறுத்திருப்பதாகச் சொல்லியிருக்கிறார். ராயபுரம் வீடு விற்றால் அது கிடைக்கும். விற்காவிட்டால் கூடையும் கயிறும்.

மூன்று பார்ட்டி வந்து போயிற்று. மூன்றாவது நான்.

4

"ஃப்ளோராக்கா, நான் சொல்றேன்னு கோச்சிக்காத. போட்டோவெல்லாம் எறக்கிடலாம்" என்றார் சுடலைராஜ்.

"எந்தப் போட்டோ?"

"எல்லாந்தான். மொதல்ல அந்தப் பொட்டிப் போட்டோ. கதவத் தொறந்தா பொணம் கீது. எவன் உள்ள வருவான்?"

"பொணம் இல்ல. எம்புருசன்."

"சரி, மாமா. மாமாதான் எட்டு வருசமா கதவாண்ட படுத்துகினு, வர்ற பார்ட்டியெல்லாம் முடுக்கி வுட்டுகினு கீறாரு."

ஃப்ளோராவுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கிக்கொண்டார். சிரித்ததற்கு அவர் ஏற்கெனவே பட்டது போதும். நாத்தனார் இன்றுவரை நல்லது கெட்டது எதுவானாலும் அந்தப் பேச்சை எடுக்காமல் விட்டதில்லை: "பொட்டியாண்ட நின்னு பல்லக் காட்டுனவதானே."

சுடலைராஜ் செல்போனை நீட்டினார். கோட்டுப் போட்ட ஒருவன் அதில் வீடு விற்பது எப்படி என்று கையை ஆட்டி ஆட்டிச் சொல்லிக்கொண்டிருந்தான்.

"இவன் இன்னா சொல்றான்னா, வாங்க வர்றவன் தன் குடும்பத்த அந்த வூட்ல வச்சிப் பாக்கணுமாம். செவுரு பூரா உன் குடும்பம் கீதுன்னா அவன் குடும்பம் எங்க போயி ஒக்காரும்?"

"சோபாவுல ஒக்காரட்டும்."

"யக்கா, பேஜாரு பண்ணாத. மாசம் முடியப்போவுது."

அந்த ஒரு வார்த்தையோடு ஃப்ளோரா நகர்ந்து வழிவிட்டார். படங்கள் இறங்கின. கல்யாணப் படம், ஜானட் முதன்முதலாக நற்கருணை வாங்கிய புதுநன்மை, பிராங்கிளின் வெள்ளைச் சீருடையில், ஏழு கிறிஸ்துமஸ், கடைசியில் பெட்டிப் படம். மொத்தம் பதினொன்று. போர்வையில் சுற்றிக் கட்டிலுக்கு அடியில் தள்ளினார்கள். ஆணிகளையும் பிடுங்கத்தான் சுடலைராஜ் பார்த்தார். முதல் ஆணியை அசைத்ததுமே உள்ளங்கை அகலத்துக்குப் பூச்சு விரிந்தது. விட்டுவிட்டார். பெட்டிப் படம் இருந்த ஆணியில் தான் கொண்டுவந்த அருவிப் படத்தை மாட்டினார். அது எந்த ஊர் அருவி என்று அவருக்கும் தெரியாது.

[அவர் சொன்னது தப்பு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. நானும் அந்த வேலையைத்தான் செய்கிறேன். தெரிந்தவர்களின் பெயரை மாற்றுவேன், முகத்தை மாற்றுவேன், சுவரைத் துடைத்துவைப்பேன். வாசகர் வந்து உட்கார இடம் வேண்டும் என்பேன். ஆனால் அந்த வீட்டில் நான் பார்த்தது அந்தப் படத்தை மட்டும்தான். ஹால் எவ்வளவு பெரியது என்று கேட்டால் இப்போதும் சொல்லத் தெரியாது.]

5

ஃப்ளோரா ஏன் சிரித்தார்?

பதினைந்து வாரத் தொடரில் நான் வைத்திருந்த விடைகள்: (அ) மீன்குழம்பில் அவர் எதையோ கலந்திருந்தார். (ஆ) கூட்டத்தில் நின்ற மற்ற பதின்மூன்று பேரில் ஒருவரோடு அவருக்கு— (இ) அவருக்குச் சித்தம்—

மூன்றும் விற்கும். மூன்றிலும் ஃப்ளோரா இல்லை.

அதோடு இன்னொரு சிக்கல். குற்றம் செய்தவள் தடயத்தைக் கதவுக்கு எதிரே மாட்டிவைப்பாளா? வருகிற போகிறவரெல்லாம் பார்க்கும்படி? என் கதைகளில் நானூறு குற்றவாளிகளைப் பிடித்துக் கொடுத்திருக்கிறேன், ஒருத்தர்கூட அப்படிச் செய்ததில்லை. தொடரின் மூன்றாம் அத்தியாயத்தோடு பேனா நின்றது. சுடலைராஜுக்கு போன் போட்டேன்.

"இன்னா சார், வூட்ட முடிச்சிடலாமா?"

"இல்லை. அந்தப் படத்தைப் பற்றி..."

"அத்த கேளு சார் நீ!" என்று ஆரம்பித்தார். ஃப்ளோராவைப் பற்றி மேலே எழுதியதும் இனி வருவதும் அவர் சொன்னது. ஃப்ளோராவின் மனசுக்குள் போகிற இடங்கள் மட்டும் என் கைச்சரக்கு.

6

நான்காவது பார்ட்டி பழைய வண்ணாரப்பேட்டையிலிருந்து வந்தது. காத்தூன் பீவி, அவர் மருமகள் நவ்ரீன். குடிவரப்போவது மகனும் நவ்ரீனும். பிடித்திருக்கிறது, பிடிக்கவில்லை என்று சொல்லப்போவது காத்தூன் பீவி. அறுபத்தைந்து வயதில் மூச்சு வாங்காமல் ஏறி வந்து நின்றார். ஃப்ளோரா அவர் முகத்தைப் பார்க்குமுன் முழங்காலைப் பார்த்தார்.

நவ்ரீன் சமையலறைக்குப் போய்க் குழாயைத் திறந்தாள். காத்தூன் பீவி ஹாலின் நடுவில் நின்று, சுவர்களை ஒரு சுற்றுப் பார்த்தார்.

"பத்து ஆணி. ஒரு அருவி. இன்னாம்மா இது?"

"நல்ல காத்தோட்டமான வூடுமா" என்றார் சுடலைராஜ்.

"காத்தயா கேட்டேன்? படமெல்லாம் எங்க?"

"உங்க வூட்ல படம் மாட்ட மாட்டீங்களேன்னுதான்..."

"நாங்க மாட்ட மாட்டோம். அது வேற. மாட்டுன வூட்ல கழட்டி வச்சா அது வேற. நவ்ரீன், வா போலாம். இந்த வூட்ல பங்காளிச் சண்ட கீது."

"ஐயோ, அதெல்லாம் ஒண்ணும் இல்லமா!"

"எங்க நாத்தனா வாங்குன வூட்லயும் இப்டித்தான் வெறும் ஆணியா இருந்துச்சு. மூணாவது மாசம் ஒருத்தன் வந்து நானும் வாரிசுன்னு நின்னான். இன்னிக்கும் அவ கோர்ட்டுக்கு அலைஞ்சிகினு கீறா."

சுடலைராஜ் பையிலிருந்து வாரிசுச் சான்றிதழை எடுத்தார். காத்தூன் பீவி கையில்கூட வாங்கவில்லை. "பேப்பர்ல மூணு பேரு இருப்பான். நேர்ல அஞ்சு பேரு வருவான்."

அவர் கால் வாசலுக்குத் திரும்பியது. கூடையும் கயிறும், கூடையும் கயிறும் என்று ஃப்ளோராவுக்குள் ஒன்று அடித்துக்கொண்டது.

"கண்ணு" என்று நவ்ரீனைக் கூப்பிட்டார். "கட்டிலுக்கு அடியில போர்வ சுத்தி வச்சிகீது. கொஞ்சம் இழுத்துக் குடு. எனக்கு முட்டி மடங்காது."

சுடலைராஜ் வேண்டாம் வேண்டாம் என்று கண்ணாலேயே கெஞ்சினார். அதற்குள் பெட்டிப் படம் நவ்ரீன் கையில் இருந்தது.

"பாத்துக்கோங்க, இவங்கதான் மொத்தமும்" என்றார் ஃப்ளோரா. "இது ஜானட். இது பிராங்கிளின், கப்பல்லருந்து எறங்கி நேரா வந்தான். அவனுக்காகத்தான் பொட்டிய மூடாம வச்சிருந்தோம். இது ரெண்டும் அவரு தம்பிங்க. வூடு அவரோட சம்பாத்தியம், தம்பிங்களுக்குப் பங்கு கெடையாது. பெரம்பூர் போலாம்னு சொன்னப்ப அவங்கதான் மொதல்ல 'போ அண்ணி'ன்னாங்க. இதுல இல்லாத ஆளு எங்க குடும்பத்துல இல்ல."

காத்தூன் பீவியின் விரல் ஒவ்வொரு தலையாக எண்ணிக்கொண்டே போனது. பதினான்காவது தலையில் நின்றது.

"இது நீதானே?"

"நான்தான்."

"சிரிக்கிற."

"ஆமா."

சுடலைராஜ் அருவியைப் பார்க்கத் திரும்பிக்கொண்டார்.

[பழைய நான் இந்த இடத்தில்தான் வாரத்தை முடித்திருப்பேன். உங்களை ஏழு நாள் காயவிட்டிருப்பேன்.]

"ஏம்மா சிரிச்ச?"

எட்டு வருடத்தில் இதை யாரும் கேட்டதில்லை. சொல்லிக் காட்டியிருக்கிறார்கள். கேட்டதில்லை. ஃப்ளோராவுக்கு எங்கிருந்து தொடங்குவது என்றே தெரியவில்லை.

"அவருக்கு போட்டோன்னா கண்ணு மூடிக்கும்" என்றார். "வெளிச்சம் அடிச்சாப் போதும். கல்யாணத்துல மூடிகினாரு. ஜானட் புதுநன்மைக்கு மூடிகினாரு. பாஸ்போர்ட்டுக்கு நாலு வாட்டி எடுத்தாங்க. எங்க வூட்டுப் படம் அத்தினியும் எடுத்தது ஸ்டூடியோ ஜெரால்ட் அண்ணன்தான். ஒவ்வொரு வாட்டியும் கேமராவத் தூக்கிகினு அதே வார்த்த சொல்லுவாரு. அன்னிக்கும் வந்தாரு. எல்லாரையும் நிக்க வச்சாரு. கேமராவத் தூக்கினாரு. பழக்கதோஷம்... பொட்டியப் பாத்து, 'ஸ்டானி, இந்த வாட்டியாச்சும் கண்ண மூடாதடா'ன்னுட்டாரு."

ஃப்ளோரா படத்தில் தலைமாட்டுப் பக்கம் விரலை வைத்தார்.

"மெதுவாத்தான் சொன்னாரு. தலமாட்டுல நின்ன எனக்கு மட்டும் கேட்டுச்சு. சொல்லிட்டு அவரு அப்டியே அழுதுட்டாரு. எனக்கு... பொட்டிக்குள்ள எங்க வூட்டுக்காரரு வெக்கப்பட்டுகினு படுத்துகினு கீற மாதிரி இருந்துச்சு. அதான்."

நவ்ரீன் துப்பட்டாவால் வாயைப் பொத்திக்கொண்டாள். தோள் குலுங்கியது. காத்தூன் பீவி சிரிக்கவில்லை. படத்தை வெளிச்சத்துப் பக்கம் திருப்பி வெகுநேரம் பார்த்தார்.

"மத்ததையும் எடு" என்றார்.

பதினொரு படங்களும் தரையில் பரவின. காத்தூன் பீவி காலை நீட்டி உட்கார்ந்தார். ஃப்ளோராவுக்கு நாற்காலி. கல்யாணப் படத்தில் மூடிய கண். புதுநன்மையில் மூடிய கண். கிறிஸ்துமஸ் அத்தனையிலும். பிராங்கிளின் சீருடைப் படத்தில் பின்னால் நிழலாக நின்றவருக்குக்கூட. ஒரே ஒரு படத்தில் பாதி திறந்திருப்பதாக நவ்ரீன் வாதாடினாள். இல்லை, அது புருவத்தின் நிழல் என்று மாமியார் அடித்துச் சொன்னார். ஒரு மணி நேரம். சுடலைராஜ் இரண்டு தடவை கீழே போய் டீ வாங்கி வந்தார்.

கிளம்பும்போது காத்தூன் பீவி சொன்னது இவ்வளவுதான்: "சண்ட இல்லாத வூடு. ஆனா படி ஜாஸ்திமா. மவனாண்ட பேசிட்டுச் சொல்றேன்."

7

"நாளைக்கு வேற பார்ட்டி வருது யக்கா" என்றார் சுடலைராஜ், அவர்கள் போனதும். "கம்பெனி ஆளுங்க, புதுசாக் கட்டிகினவங்க. இதயெல்லாம் மறுபடி உள்ள தள்ளிடட்டா?"

"அந்த அருவிய எறக்கு."

"யக்கா!"

"எறக்குடா. அத மாட்டுனா இது எங்க போவும்?"

"இந்தப் பீவிம்மா ஒருத்தருதான் நின்னு கேட்டாங்க. எல்லாரும் கேப்பானா? முன்ன மூணு பேரு ஓடுனான் பாத்தல்ல? மாசம் முடிய எத்தினி நாளு கீதுன்னு தெரியுமா ஒனக்கு?"

"ஆறு நாளு உள்ளயே கெடக்கறது நீயா, நானா? எனக்குத் தெரியாதா?" ஃப்ளோரா பெட்டிப் படத்தைப் புடவைத் தலைப்பால் துடைத்தார். "ஓடறவன் ஓடட்டும். வந்து நிக்கறவன் கேட்டா நான் சொல்லிக்கறேன். கேக்கலன்னாலும் சொல்லுவேன் இனிமே."

சுடலைராஜ் முணுமுணுத்துக்கொண்டே மாட்டினார். ஆணி எதுவும் அடிக்க வேண்டியிருக்கவில்லை.

8

முடிவுக்கு வருகிறேன்.

முடிவு ஒன்று: காத்தூன் பீவியின் மகன் சரி என்கிறான். அடுத்த வாரம் ஃப்ளோரா பெரம்பூரில் ரோட்டோரம் நின்று நெத்திலியைத் தன் கையால் புரட்டிப் பார்த்து வாங்கி—

முடிவு இரண்டு: கம்பெனி ஜோடி கதவருகிலேயே நின்றுவிட்டு, அவசர வேலை என்று—

[இரண்டாவதை எழுத எனக்குக் கூசுகிறது. அந்த வசனம் என்னுடையது.]

நேற்று மறுபடியும் போன் போட்டேன். கம்பெனி ஜோடியும் வந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறது; இரண்டு பார்ட்டியும் இன்னும் பதில் சொல்லவில்லை. மாதம் முடிய ஐந்து நாள். "நீ வர்றியா சார்?" என்றார் சுடலைராஜ். நான் திருவொற்றியூரில் வேறு வீட்டுக்கு முன்பணம் கொடுத்துவிட்டேன். அங்கே சுவரெல்லாம் சுத்தம். ஓர் ஆணித் துளைகூட இல்லை. யார் இருந்தார்கள் என்று கேட்டேன், தரகருக்குத் தெரியவில்லை.

ஆக, அடுத்த பார்ட்டி நீங்கள்தான். செருப்பை வெளியே விடுங்கள். கதவு திறந்ததும் எதிர்ச் சுவரில் படம் இருக்கும், திடுக்கிட வேண்டாம். அவர் உட்காரச் சொல்வார். உட்காருங்கள். அவர் சொல்லி முடித்ததும் நீங்கள் சிரித்தாலும் சரி, சிரிக்காவிட்டாலும் சரி. குழாயைத் திறந்து பாருங்கள், ஜன்னலைத் திறந்து பாருங்கள், வீட்டில் யாரிடம் பேச வேண்டுமோ பேசுங்கள்.

ஆனால் வேண்டும், வேண்டாம், எதுவானாலும் மேலே ஏறிப்போய்ச் சொல்லிவிடுங்கள். அவரால் இறங்கி வந்து கேட்க முடியாது.