பக்கம் புரளும் இடத்தில்

1

இந்தக் கதை எனக்குச் சுவர் வழியாக வந்தது. எங்கள் குடியிருப்பின் சுவர்கள் அட்டை மாதிரி. பக்கத்து வீட்டில் தினமும் ஒரு மெட்டு கேட்கும்; பாதியில் நிற்கும்; ஒரு பெண்குரல் ஏதோ சொல்லும்; மெட்டு தொடரும். அவள் சொல்வது மட்டும் புரியாது. சுவரில் காதை வைப்பது அநாகரிகம். ஆகவே எழுத உட்கார்ந்தேன்.

மறுமலர்ச்சிக் கால ஐரோப்பாவில், பிரபுக்களின் மாளிகைகளில்...

(வேண்டாம். நீங்கள் குறுக்கெழுத்துப் பக்கத்துக்கு ஓடிவிடுவீர்கள்.)

2

என் கதையில் பக்கத்து வீட்டுக்காரர் லிஃப்ட் மெக்கானிக். மனைவிக்குத் தொலைபேசிப் புகார் மையத்தில் வேலை. யாரோ செய்த தப்புக்கு யாரிடமோ நாளெல்லாம் மன்னிப்புக் கேட்டுவிட்டு வருவாள். வீட்டில் வாய் திறக்க மாட்டாள். கோபமில்லை, பேச்சு தீர்ந்துபோயிருக்கும். டிவி கூடாது, ரேடியோ கூடாது. அவளிடம் இரண்டு வார்த்தை வாங்க மனிதர் தவியாய்த் தவித்தார். ஒரு வாத்தியம் வாசித்துப் பார்க்கலாம் என்று தோன்றியது.

(முதலில் அவர் கையில் புல்லாங்குழல் கொடுத்தேன். அவள் கதவைச் சாத்திக்கொண்டாள். அதனால் லூட்: பாதிப் பூசணிக்காய் போல வயிறு பெருத்த பழைய ஐரோப்பியத் தந்தி வாத்தியம். அதட்டத் தெரியாத சத்தம்.)

எளிய லூட் பாடல்கள் புத்தகம், கூடவே ஒலிப்பதிவுகள். புத்தகத்தைத் திறந்தார்; பக்கம் முழுக்க இசைக்குறிப்புகள். "லிஃப்ட் வயரிங் படமே தேவலாம்" என்று மூடினார். பதிவைக் கேட்டே பழகினார்.

3

முதல் பாட்டின் நடுவே பதிவில் ஒரு மௌனம், ஒரு சரசரப்பு. அவர் அதையும் பாடமாக்கிக்கொண்டு, அந்த இடத்தில் கையைத் தூக்கி நிறுத்தினார்.

சமையலறையிலிருந்து குரல் வந்தது: "என்னங்க, கரண்ட் போச்சா?"

"இல்ல, பாட்டே இப்படித்தான்."

"நல்லா பாத்தீங்களே பாட்டு! உங்க லிஃப்ட் மாதிரி நடுவுல நிக்குது."

அன்றிலிருந்து அந்த இடம் அவளுடையது. போனில் அழுத கிழவர், தும்மிக்கொண்டே திட்டும் மேனேஜர் எல்லாரும் அவள் பேச்சில் அங்கே வந்துபோனார்கள். பாட்டு சின்னதாகவே இருந்தது, நிறுத்தம் வளர்ந்தது.

4

(கதையில் யாராவது கெடுக்க வர வேண்டுமே.) அவள் தம்பி, பள்ளிக்கூடத்தில் பாட்டு வாத்தியார், விருந்தாளியாக வந்தான். கேட்டான். புத்தகத்தைப் புரட்டினான்.

"அத்தான், இங்க நிறுத்தமே கிடையாது. பதிவுல வாசிக்கறவர் பக்கம் புரட்டியிருக்காரு, அவ்வளவுதான்!"

"மெதுவா பேசு மச்சான்."

"தப்பைத் தப்புன்னு சொல்லக் கூடாதா? நிறுத்தாம வாசிங்க, பாப்போம்."

அவர் சமையலறைப் பக்கம் பார்த்தார். பாத்திரம் கழுவும் சத்தம் நின்றிருந்தது.

5

முடிவு ஒன்று: சரியாக வாசிக்கிறார். மச்சான் கை தட்டுகிறான். வீடு பழையபடி...

(என்னால் முடியவில்லை.)

முடிவு இரண்டு: "தாள் சத்தம் எனக்கு அன்னைக்கே கேட்டுச்சுங்க" என்கிறாள் அவள். (நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அவள் பேச வேண்டியதை நானே பேசுகிறேன். நாளெல்லாம் பிறர் எழுதிக் கொடுத்ததைத்தானே பேசிவிட்டு வருகிறாள்?)

இதோ, சுவருக்கு அப்பால் மெட்டு தொடங்கிவிட்டது. அந்த இடம் நெருங்குகிறது. அவள் ஈரக் கையோடு சமையலறை வாசலில் நிற்கிறாள். அவர் விரல் தந்திக்கு மேலே.

நான் பக்கம் புரட்டுகிறேன். சரசரப்பு கேட்கிறதா? பேச்சு இனி உங்களுடையது.