கைகாட்டி நிறுத்திய விமானம்

விளையாட்டு மைதானத்துக்கு மேலே, விளக்குக் கம்பத்தைவிடச் சற்று உயரத்தில், ஒரு பொம்மை விமானம் ஏழு வருடங்கள் நின்றது. பறந்தது என்று சிலர் சொல்வார்கள், அது தவறு. மூக்கைக் கொஞ்சம் கீழே சாய்த்து, ப்ரொப்பெல்லர் சுற்றியபடி, சிக்னலில் மாட்டிக்கொண்ட பஸ் மாதிரி உறுமிக்கொண்டு நின்றுதான் இருந்தது. மழை பெய்தால் அதன் அடியில் இறக்கை வடிவத்தில் கொஞ்சம் தரை நனையாமல் கிடக்கும். வெயில் நாளில் அந்த நிழலில் ஒரு நாய் படுத்திருக்கும், நிழல் நகர நகர நாயும் நகரும். விமானத்தை அப்படி நிறுத்தியவர் கடைவீதி நாற்சந்தியில் போக்குவரத்துக் காவலராக இருந்த பெண். ஊரில் அவரைக் கைகாட்டி என்றால்தான் தெரியும். செய்தவர் அவருடைய கணவர், பல்செட் கட்டுகிறவர்.

பல்செட்காரரைப் பயந்தாங்கொள்ளி என்று சொன்னால் கோபம் வரும், கவனமானவர் என்று சொல்ல வேண்டும். பட்டறையில் அச்சு வார்த்த பற்கள் வரிசையாகச் சிரித்துக்கொண்டிருக்க, அதே அரத்தாலும் அதே மெழுகுக் கத்தியாலும் லேசான மரத்தைச் செதுக்கி அவர் அந்த விமானத்தைச் செய்தார். செய்து முடித்த பிறகும் பல வருடம் பறக்கவிடவில்லை. வாரம் தவறாமல் விடுமுறை நாளில் மைதானத்துக்குத் தூக்கிக்கொண்டு போவார். இறக்கைக்கு அடியில் இரண்டு விரலைக் கொடுத்துத் தூக்கி, மூக்கும் வாலும் சமமாக நிற்கிறதா என்று பார்ப்பார். ஒவ்வொரு திருகாக நெருடுவார். ரிமோட்டைப் பிடித்துக்கொண்டு தூரமாக நடந்துபோய், அங்கிருந்து குச்சியை அசைத்தால் இறக்கை ஓரத்துப் பட்டைகள் சொன்ன பக்கம் திரும்புகின்றனவா என்று பார்ப்பார். எல்லாம் சரியாக இருந்தால் கம்பத்தில் கட்டிய ரிப்பனைப் பார்த்து, இன்றைக்குக் காற்று சரியில்லை என்று வீட்டுக்குத் திரும்பிவிடுவார். "பறக்க விடப் போறீங்களா, இல்ல வாக்கிங் கூட்டிட்டுப் போய்க் கூட்டிட்டு வர்றீங்களா?" என்று மனைவி கேட்பார். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதைப் பற்றிப் பேசிப் பேசி ஓய்ந்து, இந்த மாதிரிக் கேலிகளில் சந்தோஷமாகவே இருந்தார்கள்.

எல்லாவற்றையும்விட அவர் கறாராக இருந்தது ஒரு விஷயத்தில். தொடங்கும்போது முதலில் ரிமோட், பிறகுதான் விமானத்தின் பேட்டரி. முடிக்கும்போது முதலில் விமானத்தின் பேட்டரி, கடைசியில்தான் ரிமோட். மாற்றிச் செய்தால் விமானம் விழித்திருக்கும், சொல்ல ஆள் இருக்காது. சாப்பிடும்போதுகூட இதைச் சொல்லி மனைவிக்கு மனப்பாடமாகிவிட்டது. கடைசியில் ஒரு மாலை ரிப்பன் கொஞ்சமும் அசையாமல் தொங்கியது, சாக்குச் சொல்ல ஒன்றும் மிச்சமில்லை, விமானம் பறந்தது. மைதானத்தை மூன்று சுற்றுச் சுற்றி, மூக்கைக் கொஞ்சமாகத் தூக்கிக்கொண்டு, சக்கரம் தரையில் பட்ட சத்தம்கூடக் கேட்காமல் இறங்கியது. பல்செட்காரருக்குக் கண் கலங்கிவிட்டது. கண்ணைத் துடைக்க ஒரு கை வேண்டும் என்பதால், ரிமோட்டை அணைத்துக் கீழே வைத்தார்.

விமானம் ஒரு நொடி யோசித்தது. பிறகு தானாகவே ஓடி, எழும்பி, வட்டமடித்து, மைதானத்து ஓரத்தில் பந்து விளையாடிக்கொண்டிருந்த பிள்ளைகளைப் பார்த்துச் சாய்ந்தது. அப்போதுதான் கைகாட்டி பணி முடிந்து, சீருடையோடும் வெள்ளைக் கையுறையோடும் மைதானத்துக்குள் நுழைந்தார். யோசிக்க நேரமில்லை. இருபது வருடமாகச் செய்வதைச் செய்தார், கையை உயர்த்தி உள்ளங்கையைக் காட்டினார். விமானம் நின்றது. பிள்ளைகள் மேலே பார்த்துவிட்டு, பந்தை எடுத்துக்கொண்டு கொஞ்சம் தள்ளிப்போய் விளையாடினார்கள்.

ரிமோட்டைத் திரும்பப் போட்டுப் பார்த்தார்கள், அது கேட்கவில்லை. தீயணைப்பு வண்டியின் ஏணியில் ஏறி ஒருவர் வாலைப் பிடித்து இழுத்தார், அசையவில்லை. பேட்டரி பத்து நிமிடம்தான் தாங்கும் என்று பெட்டியில் போட்டிருந்தது; போட்டவர்களுக்குக் கைகாட்டியைத் தெரியாது. ஊருக்கு இதில் ஆச்சரியப்பட அதிகமில்லை. லாரியே நிற்கும்போது பொம்மை விமானம் நிற்பதற்கு என்ன என்றார்கள். வீட்டுக்காரம்மா பேச்சைத்தான் கேட்கும், செய்தவர் மாதிரியே என்றும் சொன்னார்கள். அடியில் யாரும் போகாமலிருக்கப் பல்செட்காரர் கயிறு கட்டினார். மாதம் ஒருமுறை ஏணி போட்டு ஏறி, பல் துலக்கும் பிரஷ்ஷால் இறக்கையைத் தேய்த்துவிட்டு வருவார்; கழற்றினால் விழுந்து நொறுங்கும் என்று பேட்டரியை மட்டும் தொடமாட்டார். கைக்கெட்டும் தூரத்தில் இருந்தும் வீட்டுக்கு வராத விமானத்தை, இறங்கும்போது ஒருமுறை தடவிவிட்டு இறங்குவார். அதைப் பார்க்கக் கைகாட்டிக்குப் பொறுக்காது.

நிறுத்தத் தெரிந்தவருக்கு வா என்று கை அசைக்கத் தெரியாதா என்று ஊரே கேட்டது. கணவர் மட்டும் கேட்கவில்லை. ஒருநாள் பாத்திரம் துலக்கும்போது கைகாட்டி தானாகவே சொன்னார். "ரோட்டுல நான் வான்னு கூப்பிட்டது எதுவுமே என்கிட்ட வந்து நின்னதில்லைங்க. எல்லாம் என்னைத் தாண்டித்தான் போகும். இதுவும் போயிடுச்சுன்னா, உங்களுக்கு ஏணி போட்டு ஏறிப் பார்க்கக்கூட ஒண்ணும் இருக்காது." பல்செட்காரர் கழுவிய தட்டை வாங்கித் துடைத்து அடுக்கினார். அதன் பிறகு அந்தப் பேச்சு வரவில்லை.

வருடங்கள் போயின. சாலை அகலமானது, நாற்சந்தியில் தானியங்கி விளக்கு வந்தது, கைகாட்டிக்கு ஓய்வு பெறும் நாள் நெருங்கியது. இன்ஸ்பெக்டர்தான் முதலில் கவலைப்பட்டார். "சீருடைக்குக் கட்டுப்பட்டு நிக்குதும்மா. நீங்க அதைக் கழட்டிக் கொடுத்த நிமிஷம் பிள்ளைங்க தலையில விழுந்தா யார் பதில் சொல்றது?" என்றார். அப்படி இருக்காது என்று கைகாட்டியால் அடித்துச் சொல்ல முடியவில்லை. ஓய்வு பெற்ற அன்று மாலை சீருடையையும் கையுறையையும் ஒப்படைத்துவிட்டு, வீட்டில் கட்டும் சாதாரணப் புடவையில் நேராக மைதானத்துக்கு வந்தார். விமானம் லேசாக நடுங்கிக்கொண்டிருந்தது.

பல்செட்காரர் பதற்றப்படவில்லை. பிள்ளைகளை வேலிக்கு வெளியே அனுப்பினார். ரிப்பனைப் பார்த்தார், விமானத்துக்குக் காற்று எதிரே வரும்படி மனைவியின் தோளைப் பிடித்துத் திருப்பி நிறுத்தினார். விமானம் வரும் வழியில் கல் கிடக்கிறதா என்று குனிந்து பார்த்துக்கொண்டே நடந்தார். பிறகு வீட்டுக் கட்டிலிலிருந்து எடுத்து வந்திருந்த பழைய போர்வையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு, மனைவிக்குப் பின்னால் போய் நின்றார்.

"அங்க என்ன பண்றீங்க?" என்றார் கைகாட்டி, திரும்பாமல்.

"நீ கூப்பிடு. உன்னைத் தாண்டிப் போனா நான் இருக்கேன்."

கைகாட்டி வெறுங்கையை நீட்டினார். சாலையில் செய்வது மாதிரி வேகமாக அல்ல, தூங்கும் குழந்தையை எழுப்பாமல் போர்வையை இழுப்பது மாதிரி, விரல்களை மெதுவாகத் தன் பக்கம் மடக்கினார். விமானம் மூக்கைத் திருப்பியது. இறங்கியது. சக்கரம் தரையில் பட்டு, புல்லை ஒதுக்கிக்கொண்டு ஓடி வந்து, அவருடைய செருப்புக்கு முன்னால் நின்றது. தாண்டிப் போகவில்லை. கைகாட்டி அழுதார், உட்கார்ந்து நன்றாக அழுதார், ஆனால் நீட்டிய கையை மட்டும் இறக்கவில்லை. பல்செட்காரர் போர்வையைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ப்ரொப்பெல்லரில் விரல் படாமல் பின்பக்கமாகப் பிடித்து, பேட்டரியைக் கழற்றினார்.

இப்போது விடுமுறை நாளில் இரண்டு பேரும் போகிறார்கள். ரிமோட் பரணில் கிடக்கிறது. இரண்டு விரலில் தூக்கிப் பார்ப்பது, திருகுகளை நெருடுவது எதையும் பல்செட்காரர் விடவில்லை. ஒரே மாற்றம், தூரமாக நடக்க வேண்டியவர் இப்போது அவர் மனைவி. மைதானத்தின் மறுகோடியிலிருந்து அவர் கையை இடதும் வலதும் அசைக்க, இங்கே பட்டைகள் ஏறி இறங்குகின்றனவா என்று கணவர் குனிந்து பார்த்து, சரி என்று தலையாட்டுவார். பறந்து முடித்து இறங்கினால் முதலில் விமானத்தின் பேட்டரி, கடைசியில்தான் கைகாட்டியின் கை. இறக்கும் கையைப் பல்செட்காரர் பிடித்துக்கொள்வார், அப்படியே வீட்டுக்கு நடப்பார்கள்.