மூஞ்சி நோட்டு

பீரோவின் மேல்தட்டிலிருந்து கோப்புகள் சரிந்து தலையில் விழுந்தபோதும் சாவிக்காரர் நிறுத்தவில்லை. மணி இரண்டு ஐம்பது. மூன்றுக்கு விசாரணை அதிகாரி வந்துவிடுவார். அதற்குள் போன மாதத்து மூஞ்சி நோட்டு கைக்கு வந்தாக வேண்டும்.

வந்தது. பழைய டயர் பட்டியல்களுக்கு அடியில் கிடந்தது.

கதவைத் தாழிட்டுவிட்டுப் புரட்டினார். பத்தொன்பதாம் தேதி. ஒன்பதாவது வரி. தாளை ஜன்னல் வெளிச்சத்தில் சாய்த்துப் பார்த்தார். கட்டைவிரல் நகத்தால் அந்த வரியை அழுத்தி அழுத்தித் தேய்க்க ஆரம்பித்தார்.

பஸ் டிப்போவில் இருபத்தாறு வருடமாகச் சாவி எடுத்துக் கொடுக்கிறவர். பெயர் சொல்லிக் கூப்பிட்டால் அவருக்கே சட்டென்று திரும்பத் தோன்றாது. கொக்கியில் தொங்கும் முப்பத்திரண்டு சாவிகளையும் கண்ணை மூடிக்கொண்டு தொட்டுச் சொல்வார். அப்படிப்பட்டவருக்கு ஆறு மாதத்துக்கு முன்னால் வந்து சேர்ந்த வம்புதான் இந்த நோட்டு.

ஓட்டுநர்களுக்கு மன அழுத்தம் குறைய வேண்டும் என்று தலைமை அலுவலகம் செய்த ஏற்பாடு அது. டை கட்டிய ஒருவர் வந்து எல்லோரையும் உட்காரவைத்து, மூக்கால் இழு, வாயால் விடு என்று சொல்லிக்கொடுத்தார். போகும்போது நோட்டைக் கொடுத்தார். ஒவ்வொரு பெயருக்கும் எதிரே ஐந்து மூஞ்சிகள் அச்சாகியிருக்கும். காதுவரை சிரிக்கும் மூஞ்சி முதலில், கண்ணீர் விடும் மூஞ்சி கடைசியில். பஸ் எடுக்குமுன் அவரவர் மனநிலைக்குப் பென்சிலால் டிக் போட வேண்டும். கடைசி மூஞ்சிக்கு டிக் விழுந்தால் அன்று சாவி கிடையாது. வீட்டுக்குப் போய் ஓய்வெடுக்கலாம், டாக்டரைப் பார்க்கலாம். நல்ல ஏற்பாடுதான். யார் இல்லை என்றார்கள்?

முதல் வாரம் ஒரே கலாட்டா. மீசைக்கார ஓட்டுநர் ஒருவர், இந்த ஐந்தில் எதுவும் என் மூஞ்சி இல்லை, மீசை வைத்து ஒன்று வரையச் சொல்லு என்று வம்பளந்தார். இரண்டாம் வாரம் வரிசை வாசலைத் தாண்டியது, பஸ்கள் தாமதமாகக் கிளம்பின. மூன்றாம் வாரம் சாவிக்காரரே ஒரு வழி கண்டுபிடித்தார். விடிந்ததும் டீ வாங்கி வந்து உட்கார்ந்து, யாரும் வருவதற்குள் முப்பத்திரண்டு பேருக்கும் சிரித்த மூஞ்சியில் மடமடவென்று டிக் போட்டுவிடுவார். யாரும் ஏன் என்று கேட்கவில்லை.

மேலாளருக்குத் தலைகால் புரியவில்லை. சுவரில் ஒரு கரும்பலகை மாட்டினார். அழுத மூஞ்சி இல்லாத நாட்களை அதில் எண்ணி வர வேண்டும். நூறைத் தொட்டால் தலைமை அலுவலகத்திலிருந்து கேடயம்.

தொண்ணூற்று மூன்றாம் நாள், அந்தப் பத்தொன்பதாம் தேதிதான் அது நடந்தது. சாவிக்காரரின் கூடப்பிறந்த தங்கையின் புருஷன், இதே டிப்போ ஓட்டுநர், ஓடிக்கொண்டிருந்த பஸ்ஸைச் சிக்னலுக்குப் பக்கத்தில் ஓரங்கட்டினார். கை பிரேக் போட்டார். இரண்டு கதவுகளையும் திறந்துவிட்டார். ஸ்டீயரிங்கில் தலையைச் சாய்த்தார். நாற்பது பயணிகளில் ஒருவருக்கும் கீறல்கூட இல்லை. அவர் மட்டும் எழுந்திருக்கவில்லை. மாரடைப்பு என்றார்கள். ரொம்ப நாளாகத் தூக்கமில்லாத உடம்பு என்றும் சொன்னார்கள்.

கதவு தட்டப்பட்டது. சாவிக்காரர் நகத்தை எடுத்தார். தாழ்ப்பாளைத் திறந்தார்.

அதிகாரி, மேலாளர், அவர்களுக்குப் பின்னால் தங்கை. புருஷனின் அலமாரியைக் காலி செய்ய வந்தவள். அவர் முதுகுக்கு வைத்து ஓட்டும் குஷனை இரண்டு கையாலும் கட்டிக்கொண்டிருந்தாள்.

அதிகாரி உட்கார்ந்து பக்கத்தை விரித்தார். விரல் மேலிருந்து கீழே இறங்கியது. முப்பத்திரண்டு டிக்கும் ஒரே கை போட்டது என்று கண்டுபிடிக்க ஒரு குழந்தை போதும். விரல் ஒன்பதாவது வரியில் நின்றது. சாவிக்காரர் கட்டைவிரலை உள்ளங்கைக்குள் மறைத்துக்கொண்டார்.

விரல் பத்துக்கு நகர்ந்தது.

"அன்னிக்குக் காலையில சந்தோஷமாத்தான் இருந்திருக்காரு," என்றார் அதிகாரி. தங்கை பக்கம் திரும்பினார். குரலில் கடுமை இல்லை. "இங்க அவருக்கு ஒரு குறையும் இல்லம்மா. வீட்டுல ஏதாவது கவலை இருந்துச்சா?"

அவள் குஷனின் நாடாவை விரலில் சுற்றிக்கொண்டே நின்றாள். அதிகாரி எழுதியதை மேசைக்கு இந்தப் பக்கமிருந்தே சாவிக்காரர் தலைகீழாகப் படித்தார்: பணியிடக் காரணம் ஏதுமில்லை, குடும்பச் சூழல். கையெழுத்து விழுந்தது. மேலாளர் மூக்கால் இழுத்து வாயால் விட்டார். இரண்டு பேரும் காபி குடிக்கப் போனார்கள்.

தப்பித்தாகிவிட்டது. வேலைக்கு ஆபத்தில்லை. ஆனால் சாவிக்காரருக்கு உட்காரக்கூடத் தோன்றவில்லை.

தங்கை நோட்டைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள். ஒன்பதாவது வரியில் புருஷன் பெயரின் மேல் விரலை வைத்தாள்.

நடந்ததை அவள் மெதுவாகச் சொன்னாள். ஒரு பெரியவர் பஸ்ஸுக்கு முன்னால் தடுக்கி விழுந்தாராம். அரை அடியில் பிரேக் பிடித்துவிட்டதால் ஒன்றும் ஆகவில்லை. ஆனால் அன்றிலிருந்து இவருக்குத் தூக்கம் போயிற்று. படுத்திருக்கும்போதும் வலது கால் மெத்தையை மிதித்துக்கொண்டே இருக்குமாம், பிரேக் மாதிரி. இருபது நாள் அப்படி. வெளியே சொல்லாதே, சிரிப்பார்கள் என்று இவள் வாயையும் கட்டிவிட்டார்.

"அன்னிக்குத்தான் என்னால தாங்க முடியலண்ணே. பெரிய சண்டை போட்டேன். அந்த நோட்டுல இன்னிக்காவது உள்ளத எழுதுங்க, வீட்டுக்கு வாங்க, டாக்டர்கிட்ட போலாம், இல்லேன்னா எங்கிட்ட பேசாதீங்கன்னு கத்திட்டேன். ஒண்ணும் சொல்லாம செருப்பப் போட்டுட்டுப் போயிட்டாரு." அவள் விரல் சிரித்த மூஞ்சியைத் தடவியது. "பாரு, என்னைப் பழிவாங்கற மாதிரி சிரிச்சிட்டுப் போயிருக்காரு. கடைசி வரைக்கும் என் பேச்சுக்கு அவர்கிட்ட மதிப்பே இல்லண்ணே. கத்திக் கத்தி நான்தான் கொன்னுட்டேன்."

சாவிக்காரர் சுவரைப் பார்த்தார். போன வாரம் வந்த கேடயம் பளபளவென்று தொங்கியது. மேசையில் பென்சில் கிடந்தது.

எடுத்தார். அவள் கையை மெல்ல நகர்த்தினார். ஒன்பதாவது வரியின் மேல் பென்சிலைப் படுக்கவைத்து, அழுத்தாமல், இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிவரை சாம்பல் நிறம் பூசினார்.

முன்பே ரப்பரால் அழித்த பென்சில் எழுத்து போயிருந்தது. நகத்தால் தேய்த்தும் பள்ளம் போகவில்லை. கண்ணீர் விடும் மூஞ்சியின் மேல் வெள்ளையாக ஒரு டிக் எழுந்து வந்தது. அதற்குப் பக்கத்தில், அதுவரை யாரும் எதுவும் எழுதாத குறிப்புக் கட்டத்தில், அவள் நன்றாக அறிந்த கோணல் கையெழுத்து ஒவ்வொரு எழுத்தாகத் தெரிந்தது.

தூக்கம் இல்லை. பயமாக இருக்கிறது. சாவி வேண்டாம்.

தங்கை நிமிர்ந்தாள்.

"உன் பேச்சைக் கேட்டாரு பாப்பா," என்றார் சாவிக்காரர். "நான் டீ வாங்கிட்டு வர்றதுக்குள்ள எழுதி வச்சிட்டு, வீட்டுக்குப் போறேன் மச்சான்னு எழுந்து நின்னாரு. நூறுக்கு இன்னும் ஏழு நாள்தான் மாப்பிள்ளை, கெடுத்துடாதீங்கன்னு நான்தான் அழிச்சேன். அவர் கையை நீட்டவே இல்ல. சாவிய நான்தான் அவர் சட்டைப் பையில போட்டேன்."