சீட்டிக்குருவி

படகிலிருந்து இறங்கும் முன் ஆளுக்கொரு மஞ்சள் பிளாஸ்டிக் விசிலைக் கழுத்தில் மாட்டிவிடுவது வழிகாட்டியின் வழக்கம். "காடு சின்னதுதான். ஆனா உள்ள போயிட்டா எல்லாப் பக்கமும் ஒரே மாதிரி இருக்கும். ஏதாவது ஒண்ணுன்னா கூச்சப்படாம ஊதுங்க, எங்க இருந்தாலும் ஓடி வந்துடுவேன்" என்பார். இருபத்தாறு வருஷமாகச் சொல்லிச் சொல்லித் தேய்ந்துபோன வசனம். அன்றும் சொன்னார். வந்திருந்த ஆறு பேரும் பள்ளிக்கூடப் பிள்ளைகள் மாதிரி ஒரு தடவை ஊதிப் பார்த்துக்கொண்டார்கள். ஆறு ஜோடிக் கன்னங்கள் உப்பியதை அவர் பார்த்தார். அவர் காதில் சத்தம் எதுவும் விழவில்லை.

தீவுகளுக்குப் பறவை பார்க்க வருகிறவர்கள் மத்தியில் அவருக்குப் பாம்புக்காது என்று பேர். கண்ணை மூடி நின்று, எந்த இலை மறைவில் எந்தக் குருவி என்று விரல் நீட்டிய மனுஷன். அந்தக் காதுதான் நாலு வருஷமாக ஒவ்வொன்றாகக் கைவிட்டுக்கொண்டு வந்தது. முதலில் தேன்சிட்டு போயிற்று. பிறகு வெள்ளைக்கண்ணி. பிறகு மீன்கொத்தி. புறா, காகம், ஆண்குரல், படகு எஞ்சின், இவ்வளவுதான் மிச்சம். பெண்கள் பேச்சைப் பாதி உதட்டைப் பார்த்துத்தான் பிடிப்பார். ஒருமுறை யாருக்கும் தெரியாமல் நகரத்துக்குப் போய்க் காதைச் சோதித்தார். கண்ணாடி அறைக்குள் உட்காரவைத்து, சத்தம் கேட்டால் பொத்தானை அழுத்தச் சொன்னார்கள். வெளியே இருந்த பெண்ணின் கையைப் பார்த்துப் பார்த்து அழுத்தினார். அவள் கதவைத் திறந்து, "ஐயா, நான் இன்னும் ஆரம்பிக்கவே இல்லையே" என்றாள். காதுக் கருவி வாங்கி வந்தார். அது அலமாரியில் துணிக்கு அடியில் கிடக்கிறது. அதை மாட்டிக்கொண்டு போனால் எவன் கூட வருவான்?

அவருக்கு வேறொரு வித்தை கைவந்திருந்தது. வருகிறவர்களின் முகத்தைப் பார்ப்பார். ஒரு புருவம் ஏறும், ஒரு தலை திரும்பும். எந்த மரம், எந்த நேரம், எந்தப் பருவம் என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். உடனே பேரைச் சொல்லிவிடுவார். பத்துக்கு ஒன்பது சரியாக இருக்கும். தவறிய அந்த ஒன்றிரண்டுக்குப் புகார் போய், அலுவலகத்தில் மேலாளர் கூப்பிட்டு, "இன்னொரு புகார் வந்துச்சுன்னா விடுதிச் சமையல்கட்டைப் பார்த்துக்கங்க, காட்டுக்கு வேற ஆள் போகட்டும்" என்று முகத்துக்கு நேரே சொல்லியிருந்தார். விஷயம் தெரிந்தது படகோட்டிக்கு மட்டும்தான். அவன் அவருடைய தங்கை புருஷன். வாயே திறக்கமாட்டான்.

வந்தவர்களில் ஒரு கணக்கு டீச்சரும் அவர் கணவர் போஸ்ட்மாஸ்டரும் இருந்தார்கள். இருவரும் ஓய்வு பெற்றவர்கள். முப்பது வருஷமாக ஒரே நோட்டில் பறவைப் பேர் எழுதுகிறார்கள். ரெண்டு பேரும் பார்த்தால், அல்லது ரெண்டு பேரும் கேட்டால்தான் பேர் ஏறும் என்பது அவர்கள் சட்டம். சீட்டிக்குருவி மட்டும் மூன்று பயணமாக ஏமாற்றிக்கொண்டிருக்கிறது.

கரையேறிப் பத்தடி போவதற்குள் போஸ்ட்மாஸ்டர் முட்டியைப் பிடித்துக்கொண்டு, விழுந்து கிடந்த ஒரு மரத்தின் மேல் உட்கார்ந்துவிட்டார். முகம் வெளுத்து வேர்த்திருந்தது.

"நீ போயிட்டு வா. நான் இங்கிருந்தே கேட்டுக்கறேன். முட்டிதானே வலிக்குது, காது வலிக்கலையே."

டீச்சர் சிரித்தார். வழிகாட்டியும் சிரித்து, "விசில் இருக்கில்ல சார், ஊதுங்க" என்றார். தண்ணீர் வற்றுவதால் படகோட்டி படகை மறுபக்கத்துக்குக் கொண்டுபோயிருந்தான்.

சேற்றின்மேல் போட்ட பலகைப் பாதையில் அரை மணி நேரம் போனார்கள். எல்லாரையும் நிறுத்தி, கண்ணை மூடச் சொன்னார். அவர் மட்டும் மூடவில்லை. ஏழு நாற்பதுக்கு டீச்சரின் தலை வந்த வழிப்பக்கம் சட்டென்று திரும்பியது. பின்னாலேயே, காமிரா வைத்திருந்த பல் டாக்டரின் தலையும்.

"சீட்டிக்குருவி!" என்றார் வழிகாட்டி.

டீச்சர் கண்ணைத் திறந்தார். "குருவியா தம்பி? விசில் மாதிரி இல்ல?"

எப்படிக் கேட்டது, எத்தனை தடவை கேட்டது என்று விசாரிக்கலாம். விசாரித்தால், உனக்குக் கேட்கவில்லையா என்பார்கள். பல் டாக்டர் அவரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"அதனாலதானே டீச்சர் சீட்டிக்குருவின்னு பேரு! எல்லாரும் இப்படித்தான் ஏமாறுவாங்க."

எல்லாரும் சிரித்தார்கள். டீச்சரின் முகம் மலர்ந்துவிட்டது. நோட்டை எடுத்து நேரத்தை எழுதி, பேனாவை நிறுத்தி, "அவருக்கும் அங்க கேட்டிருக்கும் இல்ல?" என்றார்.

"நல்லா கேட்டிருக்கும்."

டீச்சர் பேரை எழுதினார். தலைகள் இன்னும் இரண்டு தடவை திரும்பின. அதற்குப் பிறகு திரும்பவில்லை. இன்னும் முக்கால் மணி நேரம், கொக்கு, நாரை என்று கண்ணுக்குத் தெரிவதையெல்லாம் காட்டிவிட்டு நிதானமாகத் திரும்பினார்கள்.

திரும்பியபோது, மறுபக்கத்திலிருந்து ஓடிவந்திருந்த படகோட்டி மணலில் மண்டியிட்டு, போஸ்ட்மாஸ்டரின் நெஞ்சை இரண்டு கையாலும் அழுத்திக்கொண்டிருந்தான். அவன் கை ஓய்ந்துபோய் ரொம்ப நேரம் ஆகியிருந்தது, இருந்தும் நிறுத்தவில்லை. டீச்சர் ஓடிவந்து கணவரின் கன்னத்தைத் தட்டினார். பல் டாக்டர் நாடி பார்த்துவிட்டுக் கையை மெல்லக் கீழே வைத்தார். பிறகு படகோட்டி எழுந்து வந்து வழிகாட்டியின் காதோடு வாயை வைத்துச் சொன்னான்.

"விசில் வாயில இருந்துச்சு மச்சான். பல்லுக்கு நடுவுல. நான்தான் எடுத்து அவர் சட்டைக்குள்ள போட்டேன். உங்களுக்குத்தான் கேட்காது. அவங்களுக்குமா கேட்கல?"

பாவி, பாவி என்று அவருக்குள்ளே யாரோ அடித்துக்கொண்டார்கள்.

திரும்பும் படகில் தார்ப்பாய் விரித்துக் கிடத்தியிருந்தார்கள். டீச்சர் கணவரின் தலையை மடியில் வைத்துக்கொண்டு அழாமல் உட்கார்ந்திருந்தார். நடுக்கடலில் கையை உயர்த்தினார்.

"எஞ்சினை நிறுத்தச் சொல்லுங்க தம்பி."

படகோட்டி நிறுத்தினான். படகு அலைக்கு ஆடியது.

"அந்தக் குருவி எப்படிக் கூவும்? ஒரு தடவை செஞ்சு காட்டுங்க."

அவர் உதட்டை நன்றாகப் பார்த்துப் புரிந்துகொண்டார். குருவி மாதிரி கூவிக் காட்டுவதில் ஒரு காலத்தில் அவரை அடிக்க ஆளில்லை. இல்லை டீச்சர், எனக்குக் கேட்கலை, அது குருவியே இல்லை என்று சொல்லிவிட வேண்டும் போலிருந்தது. தொண்டைவரை வந்தது. உதட்டை நனைத்துக் குவித்து ஊதினார். உதட்டில் காற்றுப் பட்டது. சத்தம் வந்ததா, வந்தால் அது குருவியா என்பது அவருக்குத் தெரியாது. டீச்சர் கண்ணை மூடிக் கேட்டார். அந்த முகத்தில் எதுவுமே அசையவில்லை. இத்தனை வருஷத்தில் அவரால் படிக்க முடியாமல் போன முதல் முகம் அதுதான்.

அதற்கு மேல் பார்க்கத் தாளாமல் அவர் முன்பக்கமாகத் திரும்பி உட்கார்ந்துகொண்டார். எதிரே பல் டாக்டரும் மற்ற மூவரும் இருந்தார்கள். தூரத்தில் விடுதியின் கூரை தெரிந்தது. படகின் பக்கவாட்டில் தண்ணீர் தட்டுவது மட்டும் அவருக்குக் கேட்டது.

திடீரென்று எதிரே இருந்த நாலு தலைகளும் நிமிர்ந்தன. நாலு பேரும் அவர் தோளுக்குப் பின்னால் பார்த்தார்கள். பிறகு அவரைப் பார்த்தார்கள். பழக்கதோஷத்தில் அவர் வாய் ஒரு பேரைத் தேடித் திறந்தது. நடுக்கடலில் என்ன குருவி?

மெல்லத் திரும்பினார். டீச்சரின் வாயில் மஞ்சள் விசில் இருந்தது. அவரையே பார்த்துக்கொண்டிருந்தார். கன்னங்கள் உப்பின, தணிந்தன, மறுபடியும் உப்பின.