முள் நட்ட மேடு

ஏரிக்கரை மணல்மேட்டில் ஏறுவது பெரிய வித்தையில்லை. ஓரடி வைத்தால் அரையடி சறுக்கும், அவ்வளவுதான். அன்று விடிகாலையில் கோதண்டத்துக்குத்தான் ஏறவே மனமில்லை. முன்னால் அவன் பெண்டாட்டி அம்சவல்லி மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்தாள். அவள் கையில் பிள்ளைக்குப் பால் புகட்டும் ஒரு பாலாடை, அதில் அவளுடைய பால். சிந்திவிடாமல் முந்தானையால் மூடிப் பிடித்திருந்தாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம் ஐப்பசி பிறந்தும் மழை பிடிக்கவில்லை. ஏரி பாதி வற்றிக் கிடந்தது. அவர்களுடைய கைக்குழந்தை காய்ச்சலில் போய்ச் சேர்ந்து இரண்டு வாரம்கூட ஆகவில்லை. குழந்தை போனது மாரிலிருக்கும் பாலுக்குத் தெரியுமா? அது வேளை தவறாமல் சுரந்து நெறிகட்டியது. சுவரோரம் பீய்ச்சிவிடு என்றார்கள் வீட்டுப் பெண்கள். அம்சவல்லியும் அப்படித்தான் செய்துவந்தாள். நேற்று திடீரென்று, "அவன் பாலு, அவனுக்குத்தான் ஊத்துவேன்" என்று அடம்பிடித்து உட்கார்ந்துவிட்டாள். பொம்பளை புதைகுழிக்குப் போகக் கூடாது என்று யார் யாரோ சொல்லிப் பார்த்தார்கள். அவள் காதிலேயே வாங்கவில்லை.

குழி வெட்டியவன் கோதண்டம். ஊருக்கென்று இடுகாடு இருக்கிறது; எல்லாம் சுக்கான் கல், கடப்பாரை போட்டால் பொறி பறக்கும். அதில் போய்ப் பிள்ளையைப் படுக்கவைக்க அவனுக்கு மனசு வரவில்லை. மெத்தென்று படுக்கட்டும் என்று இந்த மணல் சரிவில் வைத்தான். நாய் நரி தோண்டாமலிருக்க மேலே வேலிக்காத்தான் முள்ளை வெட்டிப் போட்டான். புத்தி கெட்டவன்! மெத்தென்ற மணலைத்தானே லாரிக்காரனும் தேடி வருவான்?

நேற்றுச் சாயங்காலம், பெண்டாட்டியை அழைத்துவருமுன் இடத்தைச் சுத்தம் செய்துவைக்கலாம் என்று வந்தான். அந்தச் சரிவையே காணோம். சுவர் மாதிரி வெட்டி எடுத்துவிட்டிருந்தார்கள். முள் ஓரமாக எறியப்பட்டுக் கிடந்தது. அங்கே லாரியோடு நின்ற டிரைவர் புருஷோத்தமன் விஷயத்தைக் கேட்டதும் மென்று விழுங்கினான்.

"ஒரகடம் ரோட்டாண்ட புது கம்பெனி கட்றாங்கோல்ல, அங்க தரை ரொப்ப போச்சுப்பா. போன வாரமே. பசங்க இருட்டுல அள்ளுனானுங்கோ. முள்ளுக்குக் கீழ இன்னா கீதுன்னு எவனுக்குத் தெரியும்?"

கோதண்டம் அவன் சட்டையைப் பிடித்து உலுக்கினான். உலுக்கி என்ன ஆகப்போகிறது? அந்த மணல் மேல் ஜல்லி கொட்டி ரோலரும் ஓட்டியாகிவிட்டது. லாரி போன பிறகு அழுதுகொண்டே அந்த முள்ளைத் தூக்கிப்போய், மேட்டு உச்சியில் மண்வெட்டி படாத இடத்தில் குவித்து நட்டுவிட்டு வீட்டுக்கு நடந்தான். அம்சவல்லிக்கு உண்மை தெரிந்தால் உயிரை வைத்திருக்க மாட்டாள் என்று அவன் நிச்சயமாக நம்பினான்.

"இன்னும் எவ்ளோ தூரம்யா?"

"தோ, மேலதான்."

அம்சவல்லி நின்று திரும்பினாள். "சரிவுல வச்சேன்னு சொன்னியே அன்னிக்கி?"

"ஏரி ரொம்புனா சரிவு முழுவிடும்னு மேல தூக்கினு போய்ட்டேம்மே. அன்னிக்கி இன்னா பேசுனேன்னு எனக்கே நெனப்பில்ல."

பொய் இவ்வளவு வழவழவென்று தன் வாயிலிருந்து வரும் என்று அவனுக்கே தெரியாது.

உச்சியில் முள்ளைக் கண்டதும் அவள் மண்டியிட்டாள். மணலை உள்ளங்கையால் தடவிச் சமன் செய்தாள். பாலாடையைச் சாய்த்துக் கொஞ்சம் கொஞ்சமாக ஊற்றினாள். மணல் உறிஞ்சிக்கொண்டது.

"குடிடா கண்ணு. மெதுவா குடி."

இத்தனை நாளாக இல்லாத ஓர் அமைதி அவள் முகத்தில் வந்து உட்கார்ந்தது. நல்ல காரியம்தான் செய்திருக்கிறோம் என்று கோதண்டம் தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். அதை அவனாலேயே நம்ப முடியவில்லை.

அப்போதுதான் கீழே லாரி உறுமிக்கொண்டு வந்து நின்றது. மண்வெட்டியும் மணல் அள்ளும் பாண்டுமாக ஆட்கள் மளமளவென்று மேலே ஏறினார்கள். சரிவு தீர்ந்துவிட்டதால் உச்சியிலிருந்து தள்ள வருகிறார்கள்.

அம்சவல்லி வீலென்று அலறி முள் மேலேயே குப்புற விழுந்தாள். "எம் புள்ள கீறான்டா இங்க! வெட்டறதுன்னா என்ன வெட்டுங்கடா!"

ஆட்கள் திகைத்து நின்றார்கள். புருஷோத்தமன் பின்னாலேயே ஓடிவந்தான். முள்ளைப் பார்த்தான். கீழே மொட்டையாக வெட்டப்பட்டிருந்த பள்ளத்தைப் பார்த்தான். கடைசியில் கோதண்டத்தைப் பார்த்தான். அவனுக்குப் புரிந்துவிட்டது.

"இன்னாப்பா... இங்கயா?"

"ஆமா" என்றான் கோதண்டம். "இங்கதான் கீறான்."

புருஷோத்தமன் தலைத்துண்டை அவிழ்த்துக் கையில் பிடித்துக்கொண்டான். "எறங்குங்கடா எல்லாரும். இந்த மேட்டுல இனிமே எவனும் கை வெக்கக் கூடாது."

லாரி காலியாகவே திரும்பிப் போயிற்று. அம்சவல்லி மெல்ல எழுந்து உட்கார்ந்தாள். முழங்கை வரை முள் ஏறி ரத்தம் கசிந்தது. அவளுக்கு அது உறைக்கவே இல்லை.

"பாத்தியா? நாம மட்டும் இன்னிக்கி வராம இருந்திருந்தா புள்ளய அள்ளினு போயிருப்பானுங்கோ."

கோதண்டம் அவள் கையைப் பிடித்து ஒரு முள்ளைப் பிடுங்கினான். அடுத்ததைப் பிடுங்க முடியவில்லை. கண் மறைத்தது. மணலில் தொப்பென்று உட்கார்ந்து, அதுவரை ஊருக்கு முன்னால் அடக்கிவைத்ததெல்லாம் சேர்த்துக் குலுங்கிக் குலுங்கி அழுதான்.

அம்சவல்லி அவன் தலையை இழுத்துத் தன் தோளில் சாய்த்துக்கொண்டாள்.

"அழாதய்யா. அதான் காப்பாத்திட்டோமில்ல."