இடது கை மேலே

பாடம் பன்னிரண்டு ஓடிக்கொண்டிருந்தது. வகுப்பின் கடைசியில், விறகு அடுப்புக்கும் ஜன்னலுக்கும் நடுவே போட்டிருந்த நாற்காலியில் தோப்ரிலா ரிமோட்டை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். எதிரே, இந்த வருஷம்தான் குழல் தொட்ட பதினோரு பிள்ளைகளின் முதுகுகள். அதற்கும் அப்பால், சுவரில் தொங்கிய திரையில், அவளேதான். போன வருஷத்துத் தோப்ரிலா. தலைக்குச் சாயம் போட்டு, பச்சைக் கோட்டு மாட்டி, யாரோ கன்னத்தில் அப்பிவிட்ட ரோஸ் பவுடரோடு சிரித்துக்கொண்டிருந்தாள்.

"குழல எடுத்து உதட்டுல வெச்சுக்கலாமா, கண்ணுங்களா?" என்றாள் திரையில் இருந்தவள்.

நாற்காலியில் இருந்தவள் வாயைத் திறக்கக் கூடாது. விதிகளை அச்சடித்துக் கதவிலேயே ஒட்டியிருந்தார்கள். வீடியோ ஓடும்போது மேற்பார்வையாளர் பின்னால் உட்கார வேண்டும், குறுக்கே பேசக் கூடாது, நிறுத்தக் கூடாது. நிறுத்தினால் எந்தப் பாடம், எத்தனை நிமிஷம் என்று மாவட்டக் கல்வி அலுவலகத்துக் கணினியில் சிவப்பாக விழும்.

அவளுக்கு அறுபத்தொரு வயது. முப்பத்துநாலு வருஷம் இசை ஆசிரியை. திமோக் ஆற்றோரத்தில் மூன்று கிராமத்துப் பள்ளிகளில் ஐம்பது, முப்பது, இருபது என்று சதவீதங்களைப் பொறுக்கிச் சேர்த்து ஒரு முழு வேலையாக்கி வைத்திருந்தாள். இந்தப் பக்கத்தில் ஆசிரியர்கள் சந்தித்தால் நலம் விசாரிப்பதற்கு முன்னால் கேட்பது அதைத்தான்: இந்த வருஷம் எத்தனை சதவீதம்? வீடியோப் பாடம் தயாரிக்கும் நிறுவனத்துக்காரர்கள் போன வருஷம் வந்து, மாவட்டத்திலேயே நீங்கள்தான் நன்றாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று முப்பத்திரண்டு பாடங்களைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். மலை மேல் இசை ஆசிரியரே எட்டிப் பார்க்காத ஊர்ப் பிள்ளைகளும் கேட்பார்கள் என்றார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை. செப்டம்பரில் மூன்று பள்ளியிலும் திரை வந்தது. இரண்டு பள்ளிகளில் உடற்பயிற்சி ஆசிரியரே பொத்தானை அமுக்கிக்கொள்கிறார். துபோவிக்கா பள்ளியில் மட்டும் இரக்கப்பட்டு அவளுக்கு மேற்பார்வையாளர் வேலை, நாற்பது சதவீதம். வேண்டாம் என்றால், வேலை குறைந்தவர்களை மறுபடி எடுக்க வைத்திருக்கும் உபரி ஆசிரியர் பட்டியலிலிருந்தே பெயர் போய்விடும். பெயர் போனால் ஓய்வூதியத்துக்கு மிச்சமிருக்கும் இரண்டரை வருஷமும் போச்சு. அந்த வயதில் வேறு யார் எடுப்பார்கள்? வாயை மூடிக்கொண்டு கையெழுத்துப் போட்டாள்.

திரையில் இருந்தவள் குழலை வாயிலிருந்து நேர்க்கீழாகப் பிடித்து ஊதினாள். பிள்ளைகளும் ஊதினார்கள். மேல் சுரங்கள் ஒருவழியாக வந்தன. கீழே இறங்கும் இடத்தில், கடைசித் துளையை மூட வேண்டிய இடத்தில், பதினோரு குழல்களும் சேர்ந்து வாலை மிதித்த பூனை மாதிரி கத்தின.

அப்போதுதான் தோப்ரிலா விதியை மீறினாள். எழுந்து முன்வரிசைக்குப் போனாள். நவம்பர் முடியப் போகிறது, இத்தனை நாளில் பிள்ளைகளின் கைகளை முன்பக்கமிருந்து பார்ப்பது அதுதான் முதல் தடவை. பதினோரு பேரும் வலது கையை மேலே வைத்திருந்தார்கள்.

"ஐயோ கடவுளே, யாரு இப்படிப் பிடிக்கச் சொன்னா?"

முதல் பெஞ்சில் இருந்த தியோதோரா குழலை வாயிலிருந்து எடுக்காமலே கண்ணால் திரையைக் காட்டினாள். பிறகு எடுத்துவிட்டுச் சொன்னாள்: "டீச்சர்தான்."

"டீச்சர் நான்தானேடி."

"நீங்க டியூட்டி. டீச்சர் அங்க இருக்காங்க."

பின்பெஞ்சில் யாரோ சிரித்தார்கள். தோப்ரிலாவுக்குக் காது சிவந்துபோயிற்று. ஆனால் கோபம் அந்தப் பெண்மேல் இல்லை. இது யார் செய்த தப்பு என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது.

குழல் பிடிக்கச் சொல்லிக் கொடுக்கும்போது முப்பத்துநாலு வருஷமும் அவள் பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டித்தான் நின்றாள். எதிரே நின்றால் அவர்கள் கண்ணாடியைப் பார்க்கிற மாதிரி பார்ப்பார்கள். இவள் இடது கை அவர்களுக்கு வலது கையாகிவிடும். படப்பிடிப்பு அன்றும் பழக்கத்தில் திரும்பி நின்றாள். கேமராவுக்குப் பின்னாலிருந்து ஒருத்தன் அலறினான்: "ஐயையோ மேடம், முதுகக் காட்டாதீங்க! பசங்க உங்க சிரிப்பப் பாக்கணும்." அவள் விளக்கிச் சொன்னாள். "அதான் வாயால சொல்றீங்களே, இடது கை மேலேன்னு. அது போதும் மேடம்" என்றான். விளக்குச் சூட்டில் வியர்த்து வழிந்தது. காலையிலிருந்து எல்லோரும் அவளைப் பாராட்டிக்கொண்டே இருந்தார்கள். அவள் சண்டை போடவில்லை. கேமராவைப் பார்த்துத் திரும்பிச் சிரித்தாள்.

பிள்ளைகள் காதால் கேட்டதை விட்டுவிட்டுக் கண்ணால் பார்த்ததைப் பிடித்துக்கொண்டார்கள். பள்ளி வாங்கிக் கொடுத்தது ஒரே அச்சில் வார்த்த மலிவு பிளாஸ்டிக் குழல். அடித்துளை ஒரு பக்கமாக ஒதுங்கியிருக்கும், வலது சுண்டுவிரலுக்காக. இடது சுண்டுவிரல் அங்கே எட்டவே எட்டாது. அதைத் திருகித் திருப்பவும் முடியாது.

பள்ளி விட்டதும் வீட்டுக்குப் போக ஷிவோயினின் ரொட்டி வண்டிக்காகக் காத்திருந்தாள். ஷிவோயின் அதே பள்ளியில் ஓவிய ஆசிரியராக இருந்தவன். படம் பிடிக்க வந்தபோது முடியாது என்று முறைத்துக்கொண்டான். அவன் இடத்தில் தலைநகரிலிருந்து ஒரு பெண்ணை வைத்துப் படம் எடுத்துக்கொண்டார்கள். இப்போது அவன் பேக்கரி வண்டி ஓட்டுகிறான். விரல் நகங்களில் வண்ணம் போய் மாவு ஒட்டியிருந்தது. கையைக் கோட்டில் துடைத்துவிட்டு, மெல்லிய மாவில் இறைச்சியைச் சுருட்டிச் சுட்ட, சூடு ஆறாத புரெக் துண்டு ஒன்றைத் தாளில் சுற்றி அவள் மடியில் வைத்தான்.

எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, "என் வகுப்புல நேத்து எட்டிப் பாத்தேன். பதினோரு பேரும் ஒரே ஆப்பிள வரஞ்சு வெச்சிருக்காங்க. இலைகூட ஒரே பக்கம். உன் பசங்க பரவால்ல, தப்பா ஊதுனா சத்தமாச்சும் காட்டிக்குடுக்குது" என்றான்.

"நான் அன்னைக்கே முடியாதுன்னு சொல்லியிருக்கணும்ல?"

"சொல்லியிருந்தா நீயும் இந்த வண்டிலதான். ஒரு ஸ்டீயரிங்க ரெண்டு பேரு எப்படிம்மா பிடிக்கிறது?"

அவள் சிரித்தாள். சிரித்துக்கொண்டே அழுதுவிட்டாள். அவன் சாலையைப் பார்த்தபடி ஓட்டினான்.

இடைவேளையில் திருத்தலாம் என்றால் இடைவேளை பத்து நிமிஷம். பாதிப் பேர் கழிப்பறைக்கு ஓடுவார்கள். பள்ளி விட்டபின் என்றால் மேல் கிராமத்துப் பேருந்து போய்விடும். வேறு வழியே இல்லை. அடுத்த பாடத்தில் தோப்ரிலா ரிமோட்டை எடுத்து, திரையில் தன்னையே வாய் பிளந்த நிலையில் நிறுத்திவைத்தாள். பிள்ளைகளுக்கு முதுகைக் காட்டி நின்று குழலைத் தூக்கிப் பிடித்தாள். ஒன்பது நிமிஷம். அடுத்த வாரம் பன்னிரண்டு. அதற்கடுத்து ஒன்பது.

பழகின விரலைப் பிடுங்கி வேறிடத்தில் வைப்பது லேசுப்பட்ட வேலையில்லை. பிள்ளைகள் எரிச்சலானார்கள். ஒருவன் குழலை மேசையில் அடித்தான். தியோதோராதான் முதலில் பிடித்துக்கொண்டாள். வீட்டில் பன்றிகளுக்குத் தீனி வைக்கும்போதுகூடக் கரண்டிக் காம்பில் விரலை வைத்துப் பழகினாளாம். ஜனவரி விடுமுறை முடிந்த முதல் வாரம் அவள் குழலில் அடிச்சுரம் தடித்த, முழுதான சத்தமாக வந்தது. வகுப்பே திரும்பிப் பார்த்தது.

"டீச்சர், வந்துடுச்சு!" என்றாள். திரையைப் பார்த்தல்ல, தோப்ரிலாவைப் பார்த்து.

அந்த ஒரு சொல்லுக்காக நாலு சிவப்புக் கோடு என்ன, நாற்பது விழுந்தாலும் பரவாயில்லை என்று அன்றைக்கு இருந்தது. அதற்குள் ஐந்து பேருக்குக் கை மாறியிருந்தது.

மறுவாரம் தலைமையாசிரியர் மிலிவோயே கூப்பிட்டனுப்பினார். மேசையில் மாவட்ட அலுவலகக் கடிதம். அவர் அதைப் படிக்கச் சொல்லவில்லை, காப்பியை மட்டும் அவள் பக்கம் நகர்த்தினார்.

"உக்காருங்க தோப்ரிலா. ஏங்க, அந்த வீடியோவ ஓட விட்டா என்னங்க? உங்க மூஞ்சிதானே அது?"

"தப்பாப் பழகறாங்க சார். ஒரே ஒரு பாடம், முதுகு காட்டி மறுபடி எடுத்துக் குடுத்தா சரியாப் போயிடும். அரை மணி நேரம். எனக்கு ஒண்ணும் தர வேண்டாம், சும்மா வந்து நடிச்சுக் குடுக்கறேன்."

"கேட்டுட்டேன். ஒப்பந்தத்துல இல்லையாம். அத விடுங்க. வியாழக்கிழமை கம்பெனிக்காரங்க வராங்க. பள்ளிகள்ல கொண்டாடற சாவா திருநாள் விழாவுல மத்த மாவட்டத்துக்காரங்களுக்குக் காட்டறதுக்குப் படம் எடுக்கறாங்களாம், நம்ம பசங்க திரையைப் பாத்து வாசிக்கிற மாதிரி. அது நல்லபடியா முடிஞ்சாத்தான் அடுத்த அரையாண்டுக்கு உங்க நாப்பது சதவீதத்துல கையெழுத்து." குரலைத் தாழ்த்திக்கொண்டார். "மொத்தம் நாப்பத்தாறு பசங்கதான் இங்க. இந்தப் பள்ளிய மூடறதுக்கு ஒரு காரணம் கிடைக்காதான்னு மாவட்டத்துல பாத்துட்டிருக்காங்க. என் தலையையும் உருட்டாதீங்கம்மா."

அவர் கெட்டவர் இல்லை. அதுதான் அவளுக்கு இன்னும் கஷ்டமாக இருந்தது.

வியாழக்கிழமை நிறுவனத்திலிருந்து ஒக்னென் என்ற இளைஞன் வந்தான். நல்ல மரியாதைக்காரன். "நீங்கதானா மேடம்! உங்கள தினமும் பாக்கறேன், எடிட்டிங்ல" என்று கைகொடுத்தான். கேமராவை அடுப்புப் பக்கம், அவள் நாற்காலி இருந்த இடத்தில் நிறுத்தினான். பின்னாலிருந்து எடுத்தால்தான் பிள்ளைகளும் திரையும் ஒன்றாகத் தெரியும்.

திரை எரிந்தது. பிள்ளைகள் குழலைத் தூக்கினார்கள். ஒக்னென் கேமராவுக்குள் பார்த்தான், நிமிர்ந்தான், மறுபடி பார்த்தான்.

"மேடம், ஒரு சின்னப் பிரச்சினை. திரையில வலப்பக்கமாத் தெரியற உங்க முழங்கை தூக்கியிருக்கு. ஆறு பேருக்கு அதே மாதிரி இருக்கு. இந்த அஞ்சு பேருக்கு மட்டும் இடப்பக்கம் தூக்கியிருக்கே. பாக்கறவங்க, பசங்க கவனிக்கலன்னு நெனைப்பாங்க."

"அந்த அஞ்சு பேருதாங்க சரியாப் பிடிச்சிருக்காங்க" என்றாள் தோப்ரிலா.

"இருக்கலாம் மேடம். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி இருந்தாப் போதும்."

"அப்படிப் பிடிச்சா கீழ் சுரம் வராதுங்க. கத்தும்."

"அதப் பத்திக் கவலையே வேண்டாம். சத்தத்த நாங்க அப்புறம் சேத்துக்குவோம். பசங்க ஊதவே வேண்டாம், பிடிச்சிருந்தாப் போதும்." ரிமோட்டை வாங்கித் திரையின் சத்தத்தை முழுக்கக் குறைத்தான்.

கதவோரம் நின்ற மிலிவோயே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு அவளையே பார்த்தார். பிறகு தரையைப் பார்த்தார்.

தோப்ரிலா ஒரு கணம் நின்றாள். ஓய்வூதியத்துக்கு இரண்டரை வருஷம். பெஞ்சுகளுக்கு நடுவே போனாள். முதல் நாலு பேரும் மறுப்புச் சொல்லவில்லை. சொன்னதும் கையை மாற்றிக்கொண்டார்கள், ஒருவனுக்கு நிம்மதியாகக்கூட இருந்தது. கடைசியாகத் தியோதோராவின் முன்னால் போய்க் குனிந்தாள்.

"கையை மாத்திக்கம்மா."

"இதுதானே சரின்னீங்க?"

"ஆமா."

"அப்புறம்?"

தோப்ரிலா அந்தப் பெண்ணின் இடது கையைப் பிடித்துக் கீழே இறக்கினாள், வலது கையை மேலே வைத்தாள். கையை எடுத்ததும் பழகிப்போன விரல்கள் தாமாகவே எழுந்து சரியான துளைகளைத் தேடிப் போய் உட்கார்ந்தன. மறுபடி இறக்கினாள். மறுபடி போயின.

"ரெடியா மேடம்?" என்று பின்னாலிருந்து ஒக்னென் கேட்டான்.

"ஒரு நிமிஷம்" என்றாள் தோப்ரிலா. தரையில் முழங்காலிட்டு உட்கார்ந்து, தியோதோராவின் விரல்களைக் குழலிலிருந்து ஒவ்வொன்றாகப் பிரித்தெடுக்கத் தொடங்கினாள்.